கால் இஞ்சுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் யூனியன் செயலாளர் என் கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்தபோது, "கவிதை மட்டும் வேண்டாம்டா, அது மூட்டை மூட்டையாக வந்து கிடக்கு" என்றும் சேர்த்துச் சொன்னார். கவிதை எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது பைலும், வெர்னியரும், கொஞ்சம் தையல் மெஷினும்தான். ஆகவே தையலைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். மெட்ராலஜி பேப்பரில் என்னோடு அரியர் வைத்த அத்தனை பேரும் இதைக் கட்டாயம் படிக்கவும்.

எங்கள் ஊர் கரூர் பக்கம். என் அப்பாரு கைத்தறி நெய்தவர். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டு, எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஏஜென்ட் மூலமாக ஜாப் ஒர்க் தைக்கிறவர். தலையணை உறை, ஏப்ரன், கிச்சன் டவல் என்று எது வந்தாலும் தைப்பார். கரூர்ச் சரக்கு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போவது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். வெள்ளைக்காரன் வீட்டுக் கட்டில்மேல் என்ன விரித்திருக்கும் என்று எங்கள் தெருப் பெண்களைக் கேட்டால் அளவோடு சொல்வார்கள்.

2023 டிசம்பரில் ஏஜென்ட் புதிதாக ஒரு சாம்பிளைக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு சின்னச் சிவப்புச் சதுரம். அதைச் சுற்றிச் சுற்றித் துணிப்பட்டிகள். இரண்டு பக்கம் வெளிர் நிறம், இரண்டு பக்கம் அடர் நிறம். "இதுக்குப் பேரு லாக் கேபின் பிளாக்குங்க அக்கா. நீங்க பிளாக் மட்டும் தச்சுக் குடுங்க, ஜாயின்ட் பண்றதெல்லாம் கம்பெனில பாத்துக்குவாங்க" என்றார். ஒரு பிளாக்குக்கு 9 ரூபாய். எங்கள் வீட்டுக்கு 240 பிளாக். கணக்குப் போட்டால் 2160 ரூபாய். தங்கச்சியின் வேன் பீஸ் இரண்டு மாதமாக நின்றிருந்தது. அம்மா சரி என்றுவிட்டார்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் செய்த காரியம் புரியும். நடுச்சதுரம் வெட்டும்போது இரண்டரை இஞ்ச். பட்டியின் அகலம் ஒன்றரை இஞ்ச். எல்லாத் தையலுக்கும் கால் இஞ்ச் உள்ளே பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் தைத்து முடித்தபின் சதுரம் இரண்டு இஞ்ச், ஒவ்வொரு பட்டியும் ஒரு இஞ்ச் தெரியும். முதல் பட்டியை ஒரு பக்கம் வைத்துத் தைத்து, விரித்து, அயர்ன் போட்டு, பிளாக்கைத் திருப்பி இரண்டாவது, பிறகு மூன்றாவது, நான்காவது. இது ஒரு சுற்று. இப்படி மூன்று சுற்று, மொத்தம் 12 பட்டி. முடிவில் ஓரத்தோடு சேர்த்து பிளாக் சரியாக எட்டரை இஞ்ச் சதுரம் இருக்க வேண்டும். 80 பிளாக்கைச் சேர்த்தால் ஒரு விரிப்பு.

அம்மா அதுவரை தைத்ததெல்லாம் அரை இஞ்ச் பிடிக்கிற உறைகள். அதற்குக் கண்ணே போதும். கால் இஞ்சுக்கு ஏஜென்ட் கொடுத்த அட்டை நைந்துபோய் இருந்தது. "சாமி, நீ ஸ்கேல் வச்சு ஊசியிலிருந்து கால் இஞ்ச் ஒரு கோடு போட்டுக் குடுத்துரு, நான் அந்தக் கோட்டுல துணி ஓரத்த விட்டுட்டே போயிக்கிறேன்" என்றார்.

ஐந்து செமஸ்டர் முடித்த இன்ஜினியர் அல்லவா நான்! டிராயிங் வகுப்புக்குக் கொண்டுபோகிற பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்தேன். அதில் மில்லிமீட்டர்தான் இருந்தது. கால் இஞ்ச் என்றால் 6.35 மி.மீ. எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் அதை ஆறு என்றுதான் முழுமையாக்கும். எனக்கோ பேக்டர் ஆப் சேப்டி ஞாபகம் வந்துவிட்டது. ஆறு வைத்தால் தையல் விட்டுப்போகும், ஏழு வைத்தால் உறுதி என்று, ஊசியிலிருந்து 7 மி.மீ. தள்ளி மெஷின் தட்டில் பிளாஸ்டர் டேப்பை ஒட்டினேன். வித்தியாசம் 0.65 மி.மீ. நம் ஸ்கேலில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இருக்கிற இடைவெளிகூட இல்லை. துணியில் இதெல்லாம் ஒரு அளவா?

அம்மா பன்னிரண்டு நாளில் 240-ஐயும் முடித்தார். பட்டியெல்லாம் நீளச் சுருளாக வந்திருந்தது. சுருளை அப்படியே பிளாக் ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், மீதியைக் கத்தரியால் நறுக்கிவிடுவது. வேகமான வேலைதான். தங்கச்சி அயர்ன் போட்டாள். அடுக்கிப் பார்த்தால் அச்சடித்த மாதிரி இருந்தது.

வண்டியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அம்மாவும் நானும் கம்பெனி செக்கிங் இடத்துக்குப் போனோம். அங்கே எட்டரை இஞ்சுக்கு வெட்டின ஒரு கண்ணாடி மாதிரி பிளேட். செக்கர் முதல் பிளாக்கின்மேல் பிளேட்டை வைத்தார். நாலு பக்கமும் துணி பிளேட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. இரண்டாவதும் அப்படியே. பத்தாவதும் அப்படியே. டேப் வைத்தார். 216 இருக்க வேண்டிய இடத்தில் 207 மி.மீ. மூன்று மில்லி வரை விடுவார்களாம். இது ஒன்பது.

"என்னுங்க்கா இது? எல்லாமே ஒரே மாதிரி கொறையுது?"

நான் அந்த நிமிஷமே மனதில் பெருக்கிவிட்டேன். ஒரு தையலில் இரண்டு துணி. இரண்டு துணியிலும் 0.65 போகும், ஆகத் தையலுக்கு 1.3. பிளாக்கின் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஆறு தையல். 1.3-ஐ ஆறால் பெருக்கினால் 7.8. மீதி ஒரு மில்லி சொச்சம், துணி தையலுக்கு மேலே மடங்கித் திரும்புகிற இடத்தில் போவது. வகுப்பில் கியூமுலேட்டிவ் எரர் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டதை நான் பேனாவால் எழுதிக்கொண்டேனே தவிர, அது என் அம்மாவின் மூட்டைக்குள் இருக்கும் என்று நினைக்கவில்லை.

வாயைத் திறந்து "நான்தான் அளவு வைத்தேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்து மேஜையில் எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். "பையன் டிப்ளமோ படிக்கிறான்" என்று அம்மா அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். நான் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டு நின்றேன். அம்மா சொன்னார்: "நாந்தானுங்க அளவு தப்பா வச்சுப்போட்டேன். நாலு நாள் குடுங்க, சரிபண்ணிக் கொண்டாறேன்."

எங்கள் பிளாக்குகளை மட்டும் தனியாக வைத்து விரிப்பாக்கினால் ஒன்றுக்கொன்று பொருந்தும், விரிப்பு மூன்று இஞ்ச் சின்னதாகும், ஓரப்பட்டியை அகலமாக வைத்தால் அதுவும் சரியாகிவிடும் என்று நான் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னேன். "தம்பி, முப்பது வீட்டு பிளாக் ஒரே மூட்டைல கலந்து வருது. உங்களுக்குன்னு தனியா பார்டர் போட முடியுமா?" என்று கேட்டார் செக்கர். நியாயம்தான். இன்டர்சேஞ்சபிலிட்டி என்று நாம் படிப்பது இதைத்தானே. எந்த நட்டும் எந்த போல்ட்டிலும் ஏற வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "அம்மா, நான் ஏழு மில்லி வச்சுட்டேன். ஆறேகால் சொச்சம்தான் வரணும்."

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியும் சாமி. மொத நாளே எனக்கு அகலமாத்தான் பட்டுச்சு. நீ படிச்சவன், ஸ்கேல் வச்சுப் போட்டிருக்கறயேன்னு நானா மாத்தல."

நண்பர்களே, பிராக்டிகல் எக்ஸாமில் ஜாப் கையோடு உடைந்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

அன்று இரவு டிராயிங் ஷீட்டை விரித்து உட்கார்ந்தேன். 12 தையலையும் பிரிப்பது நடக்காத காரியம். வெளிச்சுற்றை மட்டும் பிரித்து, 7-க்குப் பதிலாக 5 மி.மீ. பிடித்தால்? தையலுக்கு நாலு மில்லி திரும்பி வரும். குறுக்கே வெளிச்சுற்றில் இரண்டு தையல். எட்டு மில்லி. 207-ம் எட்டும் 215. பாஸ்! துள்ளிக் குதித்தேன். அம்மா வந்து ஒரே பார்வையில் பிடித்தார்: "நறுக்குன பட்டி வளருமா?" ஆமாம். ஒன்பதாவது பட்டி நாலு மில்லி வெளியே தள்ளிப்போனால், அதன்மேல் குறுக்கே வருகிற பத்தாவது பட்டி நாலு மில்லி பற்றாது.

மறுபடி கணக்கு. ஒன்பதாவது பட்டி அப்படியே இருக்கலாம், அதன் நீளம் மாறாது. கடைசிப் பட்டியான பன்னிரண்டாவது நீளமானது. அதை நறுக்கி, அதே அடர் நிறத்தில் இருக்கிற பதினொன்றின் இடத்தில் வைக்கலாம். புதிதாக வேண்டியது பிளாக்குக்கு இரண்டே பட்டி: வெளிரில் ஏழரை இஞ்சில் ஒன்று, அடரில் எட்டரை இஞ்சில் ஒன்று. துணியை ஏஜென்ட்டிடம் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி வாங்கினோம்.

பிரிக்கிற வேலையில் அம்மா சொன்ன ஒரு வித்தையை எழுதியே ஆக வேண்டும். ஒன்பதாவது பட்டியை முதலில் பிரித்துவிட்டுப் புதிதாகத் தைத்தால் அது நகர்ந்துவிடும். அதனால் பழைய தையல் இருக்கும்போதே அதற்கு வெளியே 5 மில்லியில் புதுத் தையலை ஓட்டிவிட்டு, பிறகு பழையதைப் பிரிப்பது. பட்டி ஒரு நூல்கூட அசையாது. பழைய ஊசி ஓட்டைகள் முன்பக்கம் தெரிந்தன. தண்ணீர் தெளித்து அயர்ன் வைத்ததும் பருத்தி மூடிக்கொண்டது. ஐந்து மில்லி பிடி பிரிந்துபோகாமல் இருக்கத் தையலைப் பொடியாக வைத்தார்.

பிரிக்கும்போது கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்குமே என்று, இந்த லாக் கேபின் எங்கிருந்து வந்தது என்று செல்போனில் தேடிப் படித்து அம்மாவுக்குச் சொன்னேன். லாக் கேபின் என்றால் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டின குடிசை. 1860-களில் அமெரிக்காவில் இந்த வேலை பெரிதாகப் பரவியிருக்கிறது. அந்த மாதிரிக் குடிசையில் பிறந்த ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாக இருந்த காலம் அது. நடுச் சிவப்பு என்பது வீட்டு அடுப்பு, வெளிர் பக்கம் நெருப்பு வெளிச்சம், அடர் பக்கம் நிழல் என்று சொல்வார்களாம். பிளாக்குகளைத் திருப்பித் திருப்பி வைத்தாலே வேறு வேறு கோலம் வரும். ஒன்றுக்குப் பெயர் உழவுச் சால், இன்னொன்றுக்குக் களஞ்சியம் எழுப்புதல். நடுவில் கறுப்பு வைத்தால் தப்பியோடும் அடிமைகளுக்கு இங்கே அடைக்கலம் உண்டு என்று அடையாளம் என ஒரு கதையும் உலவுகிறது. அதற்குச் சான்று இல்லை என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள்.

அம்மாவுக்குப் பிடித்தது அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற கிராமம்தான். ஆற்று வளைவுக்குள் இருக்கிற ஊர். பருத்தித் தோட்டத்து அடிமைகளின் சந்ததியான கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலைச் சட்டை, பேன்ட் துணிகளை வைத்தே இந்தச் சுற்று வேலையைச் செய்தார்கள். அவர்கள் வைத்த பெயர் ஹவுஸ்டாப், அதாவது வீட்டுக் கூரை. படத்தைக் காட்டினேன். பட்டிகள் ஒன்று அகலம், ஒன்று குறுகல், மூலை கோணல். 2002-ல் அவற்றை ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் ஓவியம் போலச் சுவரில் மாட்டினார்கள். 2006-ல் அமெரிக்கத் தபால்துறை தபால்தலையே போட்டது.

"அளவே இல்லாம தச்சதுக்கா?" என்றார் அம்மா, கையில் பிளாக்கை வைத்துக்கொண்டு. "இதக் கொண்டு போயி அந்த செக்கரம்மாகிட்ட காட்டு!"

ஆனால் அதே வட்டாரத்துப் பெண்கள் 1966-ல் ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ என்று ஒரு கூட்டுறவு ஆரம்பித்துப் பெரிய கடைகளுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். 1972-ல் சியர்ஸ் கம்பெனிக்குக் கார்டுராய் தலையணை உறைகள். அங்கே ஒன்றுபோல் ஒன்று இருக்க வேண்டியதாயிற்று. தனக்குத் தைத்தால் கோணல் அழகு, கடைக்குத் தைத்தால் ரிஜக்ட். இதைச் சொன்னதும் அம்மா சிரித்தார். "உறைக்கு எவ்வளவு கூலி குடுத்தாங்களாம்?" என்று கேட்டார். அது எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, எப்படித் தைத்திருக்க வேண்டும் என்று நம் பாஷையில் சொல்கிறேன். டிராயிங்கில் செயின் டைமென்ஷன், பேரலல் டைமென்ஷன் என்று இரண்டு உண்டல்லவா? ஒன்றின் முடிவிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால் பிழை கூடிக்கொண்டே போகும். ஒரே டேட்டத்திலிருந்து எல்லாவற்றையும் அளந்தால் கூடாது. சுருள் பட்டியை வைத்துத் தைத்து ஓரத்தை நறுக்கும் முறை செயின். ஒவ்வொரு தடவையும் நறுக்கும்போது பிழையையும் சேர்த்து நறுக்கி மறைத்துவிடுகிறோம். பழைய அமெரிக்கக்காரிகள் பலர் ஒரு கோடித்துணியை அடியில் வைத்து அதன்மேலேயே தைத்திருக்கிறார்கள். அந்த அடித்துணியில் கோடு போட்டுக்கொண்டால் ஒவ்வொரு தையலுக்கும் தனி இடம் இருக்கிறது, அது பேரலல். அடித்துணி வைத்தால் செலவு, எடை; எக்ஸ்போர்ட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதற்கு அடுத்தது, பட்டிகளை முதலிலேயே அளவாக நறுக்கிக்கொள்வது: முதல் சுற்றுக்கு இரண்டரை, மூன்றரை, மூன்றரை, நாலரை. இரண்டாம் சுற்றுக்கு நாலரை, ஐந்தரை, ஐந்தரை, ஆறரை. மூன்றாவதற்கு ஆறரை, ஏழரை, ஏழரை, எட்டரை. இப்போது பட்டியே கேஜ். பிளாக் ஓரத்தைவிடப் பட்டி நீண்டு நின்றால், போன தையலில் அதிகம் பிடித்துவிட்டோம் என்று அங்கேயே தெரிந்துவிடும். பன்னிரண்டாவது வரை காத்திருக்க வேண்டாம். பட்டியைப் பாவு நூல் ஓடுகிற நீளத்தில் நறுக்குவது நல்லது. ஊடைப் பக்கம் இழுத்தால் இழுபடும். இது புத்தகத்தில் படித்ததல்ல, அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து சொன்னது. அயர்ன் பெட்டியையும் தேய்க்கக்கூடாது; வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும்.

முக்கியமானது, கோட்டை ஸ்கேலை நம்பிப் போடவே கூடாது. ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று துண்டுப் பட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் தைத்து, அயர்ன் வைத்து, நடுப்பட்டியை அளக்க வேண்டும். சரியாக ஒரு இஞ்ச் இருந்தால் கோடு சரி. குறைந்தால் டேப்பை ஊசிப் பக்கம் ஒரு நூல் தள்ளு. துணி மடங்குகிற கனத்தையும் சேர்த்து இந்தச் சோதனை அளந்துவிடும். நாங்கள் அப்படிச் செய்து பார்த்தபோது எங்கள் மெஷினுக்கு, எங்கள் துணிக்கு, சரியான இடம் 6 மி.மீட்டரில் வந்து நின்றது. சின்னப்பிள்ளை முழுமையாக்குகிற அதே ஆறு. ஐந்து நிமிஷ வேலை. இதை முதல் நாள் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

நாலு நாளில் மூன்று பேருமாக 160 முடித்தோம். நான் பிரிக்க, அம்மா தைக்க, தங்கச்சி அயர்ன். அப்பா பட்டறையிலிருந்து வந்து ராத்திரியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூல் பொறுக்கினார். கம்பெனிக்குப் போனபோது, செக்கர் பிளேட்டை வைப்பதற்கு முன்னாலேயே, "அன்னிக்கு அளவு தப்பா வச்சது நாந்தானுங்க, அம்மா இல்ல" என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "செரி, பிளாக்கக் குடு" என்றார். அவ்வளவுதான். நான் மூன்று நாளாக ஒத்திகை பார்த்த வசனம் அது! 160-ல் 157 பாஸ். 65 மீட்டர் புதுப்பட்டிக்கும், திருப்பிக் கொடுக்காத பிளாக் துணிக்கும் கழித்துக்கொண்டு கொடுத்த பணம் வேன் பீஸில் ஒரு மாதத்துக்குத்தான் ஆயிற்று. இன்னொரு மாதத்தை நான் பொங்கல் லீவில் பட்டறையில் அப்பாவோடு நின்று கட்டினேன்.

மீதி 80-ஐ அம்மா வீட்டுக்கே விரிப்பாகத் தைத்துவிட்டார். எல்லாம் ஒரே பிழை ஆனதால் மூலைக்கு மூலை கச்சிதமாகச் சேர்ந்தது. உள்ளே அம்மாயியின் இரண்டு பழைய நூல் சேலை. கம்பெனி விரிப்பைவிட நீளத்தில் 78 மி.மீ. குறைவு, அளந்து பார்த்தேன். அம்மாயி அதைத்தான் போர்த்திக்கொள்கிறார். அவருக்குக் கால் வெளியே வருவதில்லை, எனக்கு வருகிறது.

மெஷின் தட்டில் இப்போது இரண்டு டேப் ஒட்டியிருக்கிறது. 6 மில்லியில் புதியது, அதற்கு ஒரு மில்லி வலப்பக்கம் என்னுடைய பழையது. சுரண்டி எடுக்கப் போனேன். "அது கெடக்கட்டும், காய்கறிப் பை தைக்க ஆகும்" என்று அம்மா விடவில்லை.